ராஜா இல்லாத கோட்டையிலிருந்து

வேலூர்க்காரர்களுக்குத் தங்கள் ஊரைத் தாங்களே கிண்டல் செய்ய ஒரு பட்டியல் உண்டு. தண்ணீர் இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை, சாமி இல்லாத கோயில், ராஜா இல்லாத கோட்டை. சொல்கிற ஆளைப் பொறுத்துப் பட்டியல் நீளும். சிலதை இங்கே எழுத முடியாது. என்னைப் பெண் பார்க்க வந்தவர்களிடமே எங்கள் பெரியப்பா இதை ஒப்பித்தார். அப்படியும் கல்யாணம் நடந்தது.

பட்டியலில் பாதி இப்போது செல்லாது. சாமி 1981இல் வந்துவிட்டார். பல காலம் சத்துவாச்சாரியில் இருந்த லிங்கத்தைக் கோட்டைக்குள் கொண்டுபோய் வைத்தார்கள். இன்று ஜலகண்டேஸ்வரர் கோயிலில் பிரதோஷத்தன்று நிற்க இடம் கிடைக்காது. ஆற்றில் 2021 நவம்பரில் இரண்டு கரையையும் தொட்டுக்கொண்டு வெள்ளம் போனது. பாலத்தில் நின்று செல்ஃபி எடுக்காத ஆளே ஊரில் குறைவு. ராஜா விஷயத்தைத்தான் யாரும் திருத்தவில்லை, எங்கள் அப்பாவைத் தவிர. யாராவது அந்த வரியைச் சொன்னால் உடனே குறுக்கே விழுவார். "ராஜா இல்லன்னு யார் சொன்னது? பதினாறு வருஷம் இருந்தாரு. கண்டி ராஜா. வெளிய வுடல, அவ்ளோதான்."

அப்பா அரசு பஸ்ஸில் 31 வருடம் கண்டக்டர். வேலூர் – திருவண்ணாமலை. ஞாயிற்றுக்கிழமை டூட்டி இல்லையென்றால் சைக்கிள் முன்கம்பியில் துண்டை மடித்துப் போட்டு என்னை உட்காரவைத்து, பாலாற்றங்கரை முத்து மண்டபத்துக்குக் கூட்டிப்போவார். இலங்கையின் கடைசி ராஜா ஸ்ரீவிக்கிரம ராஜசிங்கனின் சமாதி அங்கேதான் இருக்கிறது. மண்டபத்தைத் தமிழ்நாடு அரசு 1990இல் கட்டியது. நான் அப்போது இரண்டாம் வகுப்பு. சமாதியைவிட வாசலில் பொட்டலம் போட்டு விற்ற வேர்க்கடலைதான் எனக்கு முக்கியம்.

கதையை மட்டும் அப்பா ஒவ்வொரு தடவையும் சொல்வார். ராஜாவுக்குச் சின்ன வயதில் பெயர் கண்ணுசாமி. 1739இலிருந்து கண்டியை ஆண்டவர்கள் நாயக்கர்கள். பெண் கொடுக்கல் வாங்கலெல்லாம் தமிழ்நாட்டோடுதான். முந்தைய ராஜா பிள்ளையில்லாமல் போகவே, 1798இல் இந்தப் பதினெட்டு வயதுப் பையனைச் சிம்மாசனத்தில் உட்காரவைத்தார்கள். 1815இல் வெள்ளைக்காரன் பிடித்தான். அடுத்த வருடம் குடும்பத்தோடு கப்பலேற்றி வேலூர்க் கோட்டைக்கு அனுப்பினான். கோட்டைக்குள் இருக்கும் ஐந்து மகால்களில் ஒன்றுக்குக் கண்டி மகால் என்றே பெயர். 1832 ஜனவரி 30 அன்று அவர் இங்கேயே இறந்தார்.

போன காலாண்டு விடுமுறைக்கு எங்கே போகலாம் என்று பேசிக்கொண்டிருந்தோம். இவருக்குத் தாய்லாந்து. ஆறாம் வகுப்புப் படிக்கும் பாப்பாவுக்குச் சிங்கப்பூர். நான் செலவுக் கணக்கைத் திறந்து வைத்துக்கொண்டு எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டிக்கொண்டிருந்தேன். அப்பா தோசையைப் பிய்த்தபடியே கேட்டார், "கண்டிக்குப் போலாமா?"

71 வயதில் அவருக்கு முதல் பாஸ்போர்ட் எடுத்தோம்.

சத்துவாச்சாரியிலிருந்து சென்னை விமான நிலையத்துக்கு மூன்று மணி நேரம். அங்கிருந்து கொழும்புக்கு ஒன்றரை மணி நேரம்கூடப் பிடிக்கவில்லை. அப்பா வாட்சைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "வாலாஜா தாண்டி ஸ்ரீபெரும்புதூர் வர்ற நேரத்துல வேற நாடே வந்துடுச்சு" என்றார், ஏதோ ஏமாந்துபோன குரலில். கட்டுநாயக்க விமான நிலையத்தில் எல்லாப் பலகையிலும் சிங்களத்துக்கு அடுத்துத் தமிழ் இருந்தது. வெளிநாடு என்று பாப்பாவை நம்பவைக்கப் பாஸ்போர்ட்டில் குத்திய முத்திரையை இரண்டு தடவை காட்ட வேண்டியிருந்தது.

வேன் ஓட்டிவந்த தம்பி ஹட்டன் பக்கம். மலையகத் தமிழர். தேயிலைத் தோட்டத்துக்கு வந்த நாலாவது தலைமுறை. யாழ்ப்பாணத் தமிழ் கேட்கப்போகிறோம் என்று காதைத் தீட்டி வைத்திருந்த எங்களுக்கு, அவர் பேசியது நம்மூர்ப் பேச்சு மாதிரியே இருந்ததில் ஆச்சரியம். அப்பாவை ஐயா என்றார், என்னை அக்கா. வேலூர் என்றதும், "ஆஸ்பத்திரி ஊரா?" என்றார். அடுத்த எட்டு நாளும் இதே கேள்விதான். இலங்கையில் வேலூருக்கு இரண்டு முகவரி: ஆஸ்பத்திரி ஒன்று, ராஜா ஒன்று.

சிகிரியாவைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள், நான் வேகமாகத் தாண்டிவிடுகிறேன். ஐந்தாம் நூற்றாண்டில் காசியப்பன் என்ற ராஜா, அப்பனைக் கொன்ற பயத்தில், சமவெளியிலிருந்து 180 மீட்டர் போல நிமிர்ந்து நிற்கும் ஒரே பாறையின் உச்சியில் அரண்மனை கட்டிக்கொண்டான். ஏறினால் காற்றும் காட்சியும் உண்டு. முழங்கால் வலியும் உண்டு. குளவிகள் இருக்கின்றன, சத்தம் போடாதீர்கள் என்று வழியெல்லாம் பலகை. பாப்பா வாழ்க்கையிலேயே இரண்டு மணி நேரம் தொடர்ந்து பேசாமல் இருந்தது அங்கேதான். அப்பா பாதிவழியில், சிங்கத்தின் கால் நகங்கள் செதுக்கியிருக்கும் இடத்தில் உட்கார்ந்துவிட்டார். அவருக்கு மொத்த சிகிரியாவிலும் பிடித்தது டிக்கெட் கவுண்டர்தான். சார்க் என்ற தெற்காசியக் கூட்டமைப்பு நாட்டுப் பாஸ்போர்ட் காட்டியதால் வெளிநாட்டவருக்கான கட்டணத்தில் பாதிதான் வாங்கினார்கள். "எழுபத்தொரு வயசுல ஆஃப் டிக்கெட்!" என்று அன்று ராத்திரி அத்தைக்குப் போன் போட்டுச் சொன்னார்.

மறுநாள், பழைய தலைநகரமான பொலன்னறுவை. இங்கே கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும்.

முதலில் என் தப்பு. கோயில் இடிபாடு எதில் ஏறினாலும் செருப்பைக் கழற்ற வேண்டும், தலையில் தொப்பி கூடாது. அது தெரியும். மதியம் பன்னிரண்டரைக்குப் போகக்கூடாது என்பதுதான் தெரியவில்லை. "நாங்க வேலூரு, வெயில்லாம் எங்களுக்கு இன்னா" என்று வீம்பாக வட்டதாகேயின் கல்தரையில் கால் வைத்தேன். வட்டமான கட்டடம், நாலு பக்கமும் புத்தர், படிக்குக் கீழே அரைவட்டமாகச் செதுக்கிய சந்திரவட்டக்கல். அன்னம், யானை, குதிரை என்று வரிசை வரிசையாக அழகான வேலைப்பாடு. அத்தனையும் நான் துள்ளிக்கொண்டேதான் பார்த்தேன். பக்கத்தில் வந்த ஜப்பான்காரக் கூட்டம் மொத்தமும் தடிமனான சாக்ஸ் போட்டு நிதானமாக நடந்தது. எங்களிடம் இருந்த ஒரே ஜோடி சாக்ஸ் பாப்பாவின் ஸ்கூல் சாக்ஸ், அதுவும் வேனில். அதை எடுத்துவர இவர் ஓடிய ஓட்டத்தைத் தாத்தாவும் பேத்தியும் இன்னும் நடித்துக் காட்டுகிறார்கள்.

அந்த வளாகத்திலேயே ஒரு தமிழ்க் கல்வெட்டு நிற்கிறது. வேளைக்காரர் என்ற தமிழ்ப் படை, புத்தரின் புனிதப் பல் இருந்த கோயிலைக் காப்போம் என்று உறுதி சொன்ன கல். பாப்பா முட்டி போட்டு எழுத்துக்கூட்டினாள். தெரிந்த எழுத்து ஒன்று சிக்கினால் கத்துவாள். அடுத்த எழுத்தில் வண்டி நின்றுவிடும். தமிழ்ப் போர்வீரர்கள் சிங்கள ராஜ்யத்தில் பௌத்தக் கோயிலுக்குக் காவல். இதைச் சொன்னால் நம்மூரிலும் நம்பாத ஆள் இருப்பார்கள், அங்கேயும் இருப்பார்கள். கல் மட்டும் அங்கேயே நிற்கிறது.

அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் வானவன் மாதேவி ஈஸ்வரம். இலங்கைத் தொல்லியல்காரர்கள் இரண்டாம் சிவாலயம் என்று எண் போட்டிருக்கிறார்கள். ராஜராஜனின் ராணி பெயரில் சோழர் கட்டியது. பொலன்னறுவையிலேயே பழைய கட்டடம் இதுதான். சின்னக் கோயில், முழுக்கக் கருங்கல். விமானம், கோஷ்டம், தூண் எல்லாம் நம் ஊர் அச்சு. வேனை விட்டு இறங்கியதும் அப்பா செருப்பைக் கழற்றினார், யாரும் சொல்லவில்லை. உள்ளே லிங்கத்தின் மேல் யாரோ காலையில் வைத்த வெள்ளைப் பூ வாடிக் கிடந்தது. சுவரில் தமிழ்க் கல்வெட்டு. "நம்மூரு கோயிலேதான்" என்று கல்லைத் தடவினார். இந்த ஊருக்கே சோழர்கள் வைத்த பெயர் ஜனநாதமங்கலம் என்று நான் சொன்னபோது அவர் முகத்தில் பெருமை பொங்கியது.

அந்தப் பெருமை எனக்கும் வந்தது, மறைப்பானேன். ஆனால் அங்கிருந்து நேரே அருங்காட்சியகத்துக்குப் போனது நல்லதாயிற்று. நான் பள்ளிக்கூடத்தில் படித்தது ஒரே வரி: ராஜேந்திரன் ஈழத்தை வென்றான். ஒரு மார்க் கேள்வி. அங்கே அது ஒரு வரி இல்லை. 993இல் சோழப்படை அனுராதபுரத்தை அழித்ததிலிருந்து, 1070இல் முதலாம் விஜயபாகு அவர்களை விரட்டியது வரைக்கும் 77 வருடம். நாம் வென்றோம் என்று சொல்கிற இடத்தில் அவர்கள் இழந்தோம் என்று எழுதுகிறார்கள். இரண்டும் ஒரே சம்பவம்தான் என்பது அந்த ஊரில் நின்று படிக்கும்போதுதான் உறைக்கிறது. நம் ஒரு மார்க்குக்குள் ஒரு ஆள் இருக்கிறார், ஐந்தாம் மகிந்தன் என்ற சிங்கள ராஜா. 1017இல் கிரீடம், நகை எல்லாவற்றோடும் அவரைப் பிடித்துச் சோழநாட்டுக்குக் கொண்டுபோனார்கள். பன்னிரண்டு வருடம் சிறையில் இருந்து அங்கேயே செத்தார்.

அப்பா இதைக் கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் விரல் விட்டு எண்ணினார். "அப்போ நம்ம கண்டி ராஜாவுக்கு எண்ணூறு வருஷம் முன்னாடியே ஒருத்தர் இப்படி வந்துட்டுப் போயிருக்காரு."

"போகல தாத்தா. வந்தாரு, அவ்ளோதான்" என்றாள் பாப்பா.

சாயங்காலம் கல் விகாரை. ஒரே பாறை முகத்தில் நான்கு உருவங்கள், பன்னிரண்டாம் நூற்றாண்டில் பராக்கிரமபாகு செதுக்கவைத்தது. படுத்திருக்கும் புத்தர் மட்டும் 14 மீட்டர். முதுகைக் காட்டி நின்று போட்டோ எடுக்கக்கூடாது என்பதால் கூட்டம் கொஞ்சம் மரியாதையாகவே நடந்துகொள்கிறது. அப்பா தலைமாட்டுப் பக்கம் ரொம்ப நேரம் நின்றார். என்னவென்று போய்ப் பார்த்தேன். தலையணை. உருட்டுத் தலையணையும் கல்தான். தலை அழுந்தும் இடத்தில் அது லேசாகப் பள்ளமாகியிருக்கிறது, பஞ்சு அமுங்கின மாதிரி. கல்லில் அந்த அமுக்கத்தைக் கொண்டுவர உளிக்காரன் எத்தனை தடவை தள்ளி நின்று பார்த்திருப்பான்! கால் பக்கம் போனால், இரண்டு பாதமும் ஒன்றின்மேல் ஒன்று சரியாகப் பொருந்தவில்லை, ஒன்று துளி பின்வாங்கியிருக்கிறது. தூங்குவதில்லை, பரிநிர்வாணம் என்பதற்கு அதுதான் அடையாளம் என்றார் வேன் தம்பி. எனக்கு அதன் பிறகு அந்த முகத்தைப் பார்க்கும் விதமே மாறிவிட்டது.

கண்டிக்கு ராத்திரி போய்ச் சேர்ந்தோம். தங்கிய இடம் ஒரு வீட்டின் மாடி. வீட்டுக்கார அம்மா சிங்களவர், அறுபது தாண்டியவர். வேலூர் என்றதும் முகம் மலர்ந்தது. அண்ணன் ஆப்பரேஷனுக்காக வந்து காந்தி ரோட்டு லாட்ஜ் ஒன்றில் ஒன்றரை மாதம் தங்கியிருந்தாராம். அங்கே கற்றுக்கொண்ட தமிழில் எங்களோடு பேசினார். "தண்ணி கேன் எவ்ளோ?" என்று சுத்தமாகக் கேட்கத் தெரிந்தது. காலையில் பாற்சோறும் கட்டைச் சம்பலும் வைத்தார். கட்டைச் சம்பல் என்பது வெங்காயமும் மிளகாயும் மாசிக்கருவாடும் சேர்த்து இடிப்பது. எங்கள் வீட்டு மிளகாய்த் துவையலுக்கு அக்கா முறை என்று வைத்துக்கொள்ளலாம்.

கண்டியில் எல்லாவற்றுக்கும் நடுவில் ஏரி. இயற்கை ஏரி என்றுதான் நினைத்திருந்தேன். இல்லை. வயலாக இருந்த இடத்தை 1807இல் நம் ராஜா வெட்டவைத்தது. பாற்கடல் என்று அதற்குப் பெயர் வைத்தாராம். கரையைச் சுற்றி மேகம் சுருண்ட மாதிரி வளைவு வளைவாக ஒரு வெள்ளைச் சுவர். அது பாதியில் நிற்கிறது, கட்டி முடிப்பதற்குள் ராஜ்யம் போய்விட்டது. புத்தரின் பல் இருக்கும் தலதா மாளிகையின் முன்னால் எட்டுமூலை மண்டபம் ஒன்று ஏரியைப் பார்த்து நிற்கிறது. அதுவும் அவர் காலம். அங்கிருந்துதான் ராஜா மக்களுக்குக் காட்சி கொடுப்பாராம்.

அப்பா சுவரைப் பிடித்துக்கொண்டு தண்ணீரைப் பார்த்தார். மீன்கள் வாயைப் பிளந்து மேலே வந்து போயின. "இன்னாம்மா இது, நம்ம அகழி மாதிரியே கீது" என்றார். சொல்லிவிட்டு அவரே நிறுத்தினார். நானும் அதைத்தான் நினைத்தேன். இந்தத் தண்ணீரை வெட்டவைத்துப் பார்த்துக்கொண்டிருந்த மனுஷன், கடைசிப் பதினாறு வருடம் கோட்டைக்குள்ளிருந்து எங்கள் அகழித் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

தலதா மாளிகைக்குள் நுழைய இவருடைய அரைக்கால் டவுசர் உதவவில்லை. வாசலுக்கு எதிரில் ஒரு சாரம் வாங்கிக் கட்டிக்கொண்டு, அவிழ்ந்துவிடுமோ என்று கையால் பிடித்தபடியே சாமி கும்பிட்டார். அப்பா வேட்டியில் ராஜா மாதிரி நடந்தார். வாசலில் சோதனை கடுமை. 1998இல் இங்கே புலிகள் வைத்த குண்டு வெடித்திருக்கிறது. பையைத் திறந்து காட்டும் வரிசையில் எங்கள் தமிழ் தானாகக் கொஞ்சம் மெதுவாயிற்று. எங்கள் முறை வந்தபோது காவலர், "போங்கம்மா, பூ வாங்கினீங்களா?" என்று தமிழிலேயே கேட்டார். வெட்கமாகப் போய்விட்டது.

அன்று ராத்திரி சாப்பாட்டு மேசையில் அப்பா உற்சாகமாக, எங்கள் ஊரில் உங்கள் ராஜாவுக்கு மண்டபம் கட்டியிருக்கிறோம் என்று வீட்டுக்கார அம்மாவிடம் சொன்னார். அவர் தலையை அசைத்தார். அப்புறம் பாப்பாவைப் பார்த்து, உனக்கு மத்தும பண்டாரவைத் தெரியுமா என்றார். இலங்கையில் பள்ளிக்கூடம் போன எல்லாருக்கும் தெரிந்த கதையாம். எஹெலப்பொல என்ற மந்திரி ராஜாவுக்கு எதிராகத் திரும்பி, கொழும்பிலிருந்த வெள்ளைக்காரர்களிடம் ஓடிவிட்டார். ஆள் கிடைக்காததால் 1814இல் ராஜா அவர் குடும்பத்தைக் கொன்றார். பிள்ளைகளுக்குத் தலைவெட்டு. பெரியவன் பயந்து அம்மாவின் பின்னால் ஒளிந்தபோது, சின்னவன் மத்தும பண்டார முன்னால் வந்து, அண்ணா பயப்படாதே, எப்படிச் சாவதென்று நான் காட்டுகிறேன் என்றானாம். எட்டு ஒன்பது வயதுப் பையன். தாயைப் போகம்பர ஏரியில் மூழ்கடித்தார்கள். அதற்கு மேலும் சொல்வார்கள், அதை நான் எழுதவில்லை. மறு வருடம் வெள்ளைக்காரன் வந்தபோது ராஜாவுக்காக வாளெடுக்க ஆளில்லாமல் போனதற்கு இதுவும் ஒரு காரணம். ஏரி வெட்டக் கூலியில்லாமல் இழுத்துவந்த கோபம் ஏற்கனவே இருந்தது. 1815 மார்ச் 2 அன்று, ராஜாவின் சபா மண்டபத்திலேயே, ராஜாவின் பிரதானிகளே உட்கார்ந்து ஆங்கிலேயரோடு ஒப்பந்தம் போட்டார்கள்.

அப்பா ஒன்றும் பேசவில்லை. பாப்பா சாப்பிடாமல் தட்டில் பருப்பைக் கிளறிக்கொண்டிருந்தாள். படுத்த பிறகு இருட்டில் கேட்டாள்: "தாத்தாவுக்கு இது முன்னாடியே தெரியுமா?"

தெரியாது என்றேன். தெரிந்திருக்கும் என்றுதான் இப்போது தோன்றுகிறது. சைக்கிள் கம்பியில் உட்கார்ந்த ஏழு வயதுப் பெண்ணிடம் யார் சொல்வார்கள்?

கண்டியிலிருந்து கொழும்புக்கு ரயில். ஜன்னலுக்கு வெளியே மலையும் பள்ளத்தாக்கும் அழகு. நான் பாதி நேரம் தூங்கிவிட்டேன்.

கொழும்பில் புறக்கோட்டையைப் பார்க்காமல் வருபவர்களை நான் மன்னிக்க மாட்டேன். காலி முகத்திடலில் கடற்காற்று, இறால் வடை, தாமரைக் கோபுரத்தின் ராத்திரி வெளிச்சம் எல்லாம் சரிதான். ஊர் புறக்கோட்டையில்தான் இருக்கிறது. வேலூர் லாங்கு பஜாரைப் பத்து மடங்கு நீட்டி, ஒவ்வொரு குறுக்குத் தெருவையும் ஒரு தொழிலுக்குக் கொடுத்தால் எப்படியோ அப்படி. ஒரு தெரு முழுக்க எலெக்ட்ரிக் சாமான், ஒரு தெரு முழுக்கத் துணி, செட்டியார் தெருவில் நகைக்கடையும் கதிர்வேலாயுத சுவாமி கோயிலும். இரண்டாம் குறுக்குத் தெருவில் சிவப்பும் வெள்ளையுமாகக் கோடு போட்ட பள்ளிவாசல், 1909இல் கட்டி முடித்தது. மாதுளம்பழத்தை உரித்து வைத்த மாதிரி அந்த நெரிசலுக்கு நடுவில் எழுந்து நிற்கிறது. மூட்டை ஏற்றிய வண்டியைத் தள்ளிக்கொண்டு ஒருவர் கத்திக்கொண்டே வந்தார். ஒதுங்கி நின்ற கடைக்காரர், "நாட்டாமி வர்றார், தள்ளி நில்லுங்க" என்றார். அப்பா பயபக்தியோடு நகர்ந்தார். அங்கே நாட்டாமி என்றால் சுமை தூக்குபவர்! நம்மூரில் சொம்போடு ஆலமரத்தடியில் உட்காரவைத்தவரை இங்கே மூட்டை தூக்க வைத்துவிட்டார்கள் என்று இவர் சிரித்துக்கொண்டே இருந்தார்.

மளிகைக்கடைகளில் எனக்குப் பொழுது போனதே தெரியவில்லை. பெரிய வெங்காயம் அங்கே பம்பாய் வெங்காயம். சிவப்பாக இருக்கும் பருப்பு மைசூர்ப் பருப்பு. இந்தியாவின் எந்தெந்த ஊர் எந்தெந்த மூட்டையாக வந்து இறங்கியது என்று பெயரிலேயே தெரிகிறது. வேலூர் என்று ஒரு காய்கறியும் இல்லை. எங்கள் இலவம்பாடி முள்ளுக்கத்தரியை அனுப்பிவைத்தால் நடக்கும். ஒரு துணிக்கடையில் இலங்கைச் சரக்கு, ஏற்றுமதித் தரம் என்று பேசிப்பேசி நாலு டி-ஷர்ட் விற்றார்கள். ராத்திரி ரூமில் காலர் லேபிளைத் திருப்பிப் பார்த்தால் திருப்பூர்.

அப்பாவுக்குக் கிடைத்த சொர்க்கம் பஸ் நிலையம். நான் கடையை விட்டு வெளியே வந்தால் ஆளைக் காணோம். தேடினால், பஸ்களுக்கு நடுவில் இடுப்பில் கை வைத்து நிற்கிறார். "லேலண்டு!" என்றார். எதைப் பார்த்தாலும் அசோக் லேலண்டு. சிவப்பு அரசு பஸ், நீலமும் வெள்ளையுமாகத் தனியார் பஸ், எல்லாவற்றிலும் மூக்கில் அதே எழுத்து. எண்ணூரில் பிறந்த வண்டியின் சத்தத்தைக் கொழும்பில் கேட்டதும் அவருக்குச் சொந்தக்காரனைப் பார்த்த மாதிரி இருந்திருக்கும். ஆட்டோவில் போகலாம் என்ற எங்கள் பேச்சு எடுபடவில்லை. வெள்ளவத்தைக்குப் பாணந்துறை போகும் 100ஆம் நம்பர் பஸ்ஸில் ஏறினோம்.

கண்டக்டர் பையன், இருபத்தைந்து இருக்கும். நோட்டுகளை நீளவாக்கில் மடித்து விரலிடுக்கில் செருகியிருந்தான். சுண்டுவிரல் பக்கம் இருபது, அடுத்து ஐம்பது, அடுத்து நூறு. அப்பா என் காதில், "இதேதான், இதேதான்" என்றார். வண்டியில் நிற்க இடமில்லை. அவனோ முன்னால் போங்கள் முன்னால் போங்கள் என்று சிங்களத்தில் சொல்லிக்கொண்டே இருந்தான். மொழி தெரியாத அப்பா முதல் தடவையிலேயே இரண்டு அடி முன்னால் நகர்ந்தார். பக்கத்தில் நின்ற ஒருவர் மூலமாக, தானும் கண்டக்டர்தான், ரிட்டயர் ஆகிவிட்டேன் என்று சொல்லவைத்தார். பையன் பெரிதாகச் சிரித்து, சல்யூட் அடித்து, ஐந்து பேருக்கும் டிக்கெட் கிழித்துக் காசை வாங்கிக்கொண்டான். இறங்கியதும் இவர் கேட்டார், "சொன்னதுக்கு உங்களுக்காவது விட்டிருக்கலாமே மாமா?" அப்பா அந்த டிக்கெட்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டே, "வுட்டிருந்தா நான் திட்டியிருப்பேன்" என்றார்.

எங்களோடு அந்த ஐந்தாவது ஆள் யார் என்று கேட்பீர்கள். கண்டி ரயிலில் எங்கள் எதிரில் உட்கார்ந்திருந்த வெள்ளவத்தைப் பாட்டி. புறக்கோட்டை வரைக்கும் எங்களோடு சுற்றி, ஒவ்வொரு கடையிலும் எனக்காகப் பேரம் பேசிக் கொடுத்தவர். டி-ஷர்ட் கடைக்கு மட்டும் அவர் வரவில்லை.

கடைசி நாள் தேசிய அருங்காட்சியகம். 1877இல் திறந்த வெள்ளைக் கட்டடம். காலியில் கிடைத்த மும்மொழிக் கல்வெட்டு அங்கே இருக்கிறது. சீனக் கடற்தளபதி செங் ஹே கொண்டுவந்து நட்டது, சீனம், தமிழ், பாரசீகம் என்று மூன்று மொழி. சீனாவிலிருந்து புறப்படும்போதே தமிழில் பொறித்துக் கொண்டுவந்த கல். அதைப் பற்றித் தனியாக எழுத வேண்டும்.

நாங்கள் வந்தது சிம்மாசனத்துக்கு. கண்ணாடிக்குப் பின்னால், பொன் தகடு போர்த்தி, சிவப்பு வெல்வெட் வைத்து. கைப்பிடிகளில் சிங்கங்கள், முதுகு சாயும் உச்சியில் சூரியன். 1693இல் டச்சுக்காரர்கள் அன்றைய கண்டி ராஜாவுக்குப் பரிசாகக் கொடுத்தது. கடைசியாக இதில் உட்கார்ந்தவர் கண்ணுசாமி. அவரை வேலூருக்கு அனுப்பினார்கள், நாற்காலியை இங்கிலாந்துக்கு. வின்ட்சர் கோட்டையில் இருந்துவிட்டு 1934இல் அது வீட்டுக்குத் திரும்பியது. ஆள் திரும்பவில்லை.

அப்பா கண்ணாடியில் மூக்கு ஒட்டும் அளவுக்குக் குனிந்து பார்த்தார். பெருமை தெரியவில்லை, வருத்தமும் தெரியவில்லை. "சீட்டு அகலமாத்தான் இருக்குது" என்றார்.

ஊருக்கு வந்து இரண்டு வாரம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் ஸ்கூட்டரில் முத்து மண்டபம் போனோம். நான் போய் இருபது வருடம் இருக்கும். வேர்க்கடலைக்காரர் இல்லை. சமாதிக்கு முன்னால் ஒரு குடும்பம் நின்றது. பெரியவர் ஒருவர், நெஞ்சோடு ஆஸ்பத்திரி ஃபைலை அணைத்துக்கொண்டு, ஒரு அம்மா, ஒரு இளைஞன். அவர்கள் பேச்சைக் கேட்டதுமே எங்கிருந்து வந்தவர்கள் என்று எங்களுக்குத் தெரிந்துவிட்டது. அந்த அம்மா செருப்பைக் கழற்றிவிட்டுப் போய் வெள்ளைப் பூ நாலு வைத்தார்.

அப்பா கைகூப்பினார். பாப்பா கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். கும்பிடு என்று நான் சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

வெளியே மரநிழலில் அந்தப் பெரியவர் உட்கார்ந்ததும் அப்பா பக்கத்தில் போய் உட்கார்ந்தார். "கொழும்புல எந்தப் பக்கம்?"

"தெஹிவளை ஐயா."

அப்பா பர்ஸைத் திறந்து, நாலாக மடித்த டிக்கெட்டை எடுத்து முழங்காலில் வைத்து நீவினார். "நூறாம் நம்பர்தானே?"

பெரியவர் அதை வாங்கிக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தார். "ஓம், ஓம், நூறுதான்" என்றார். "நூத்தியொண்டும் வரும்."